பங்காளிக் கூட்டத்தில் வரும் இருமல்

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 43 வயது ஆசிரியை ஒருவர் ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

சித்திரையில் வந்த சளியும் காய்ச்சலும் ஒரு வாரத்தில் போய்விட்டன. இருமல் மட்டும் ஏழு மாதங்களாகப் போகவில்லை. வறட்டு இருமல். தொண்டைக்குழியில் இறகால் வருடுவதுபோல் ஒரு நமைச்சல் எழும். அடக்க அடக்க வலுக்கும். பத்துப் பன்னிரண்டு முறை தொடர்ந்து இருமி, கண்ணில் நீர் வந்த பிறகுதான் ஓயும். பாடம் நடத்தும்போது வருகிறது. தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் வந்து நின்றால் கூடுகிறது. மகளோடு உட்கார்ந்து பல்லாங்குழி ஆடும்போது வருவதில்லை, தூக்கத்திலும் வருவதில்லை. கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பூர்வீக வீட்டை விற்பதா, பழுதுபார்ப்பதா என்று பங்காளிகள் கூடும்போதெல்லாம் கணவருக்குப் பதிலாக இவர்தான் உட்கார வேண்டியிருக்கிறது. ஆவணியில் வளவில் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) நடந்த கூட்டத்தில் இருமல் நிற்காமல் போய், பேச்சு பாதியில் கலைந்தது. "கையெழுத்துப் போட மனசில்லாம இருமிக் காட்டுறா" என்று உறவினர் ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறார்.

இரண்டு எக்ஸ்ரே, ஒரு சிடி ஸ்கேன், இரண்டு சளிப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆன்டிபயாடிக் மட்டும் நான்கு சுற்று ஆகிவிட்டது. கடைசியாகப் பார்த்த மருத்துவர், "உடம்பில் ஒன்றும் இல்லை அம்மா, எல்லாம் மனசு, டென்ஷனைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இது உண்மையிலேயே நோயா, டிபியோ புற்றுநோயோ உள்ளே ஒளிந்திருக்கிறதா, மனநல மருத்துவரிடம் போனால் ஊர் என்ன சொல்லும், தூக்கம் தரும் இருமல் சிரப்பைத் தொடரலாமா, வேலையை விட்டுவிடலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீங்கள் அழுத்திச் சொன்னவை கண்ணில் பட்டன. இரண்டாம் முறை, போகிற போக்கில் சொன்னவை. ஏழாம் பக்கத்தில் மருந்துச் செலவைக் கணக்குப் பார்க்கும் இடத்தில், சென்ற மார்கழியிலிருந்து தினம் ஒரு பிரஷர் மாத்திரை சாப்பிடுவதாக ஒரு வரி இருக்கிறது. மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. மன அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியை முடித்துவிட வேண்டும்.

முதலில் அந்த மாத்திரை அட்டை

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அது எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று 'ப்ரில்' என முடிந்தால், இந்த இருமலுக்கு அதுவே காரணமாகவோ துணையாகவோ இருக்கலாம். இவ்வகை மருந்துகள் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மிக நல்லவை. ஆனால் பிராடிகினின் என்ற வேதிப்பொருள் உடலில் சிதையாமல் தேங்கும்படி செய்வதால், சிலருக்குத் தொண்டை நரம்பு கூசத் தொடங்கி வறட்டு இருமல் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். மாத்திரை தொடங்கிய அன்றே வர வேண்டும் என்பதில்லை, சில மாதங்கள் கழித்தும் வரும். அதனால்தான் மார்கழியில் தொடங்கிய மாத்திரையையும் சித்திரையில் தொடங்கிய இருமலையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அழுத்தம் எகிறினால் அது இருமலைவிடப் பெரிய ஆபத்து. எழுதித் தந்த மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, டெல்மிசார்டான், லோசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். மாற்றிய பின் பெரும்பாலோருக்கு ஒன்றிலிருந்து நான்கு வாரத்தில் இருமல் தணியும், சிலருக்கு மூன்று மாதம் வரை ஆகும். அதற்குள் பொறுமை இழந்து "அதுவும் இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். அட்டையில் இருப்பது ஏற்கெனவே டெல்மிசார்டானோ அம்லோடிபினோ என்றால், இந்தப் பகுதியை மறந்துவிட்டு மேலே படியுங்கள்.

"எல்லாம் மனசு" என்பதில் எவ்வளவு சரி

பாதி சரி. அந்தப் பாதியையும் சொன்ன விதம் சரியில்லை.

இருமல் ஒரு விசித்திரமான செயல். முழங்காலில் தட்டினால் கால் துள்ளுவதுபோல் அது தானாகவும் நடக்கும். சபையில் கவனத்தைத் திருப்ப நாமே வேண்டுமென்று இருமவும் முடியும். குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள நரம்பு முனைகள் வேகஸ் நரம்பு வழியாக மூளையின் அடித்தண்டில் இருக்கும் முகுளத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. முகுளம் "இருமு" என்று உத்தரவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் மூளைப் பகுதிகளால் அந்த உத்தரவைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் முடியும், தூண்டிவிடவும் முடியும். சித்திரையில் வந்த வைரஸ் காய்ச்சல் இந்த நரம்பு முனைகளைக் கூராக்கிவிட்டுப் போயிருக்கிறது. சளி போய்விட்டது, கூர்மை போகவில்லை. முன்பு இருமலைத் தூண்டாத பேச்சு, சிரிப்பு, குளிர்ந்த காற்று, ஊதுவத்திப் புகை எல்லாம் இப்போது தூண்டுகின்றன.

நம் அடுப்படியை நினைத்துப் பாருங்கள். வர மிளகாயை வறுத்தால் அந்த நெடியில் முகப்பில் இருப்பவர் வரை இருமுவார்கள். அதை யாரும் நடிப்பு என்று சொல்வதில்லை. அந்த நெடியில் இருக்கும் கேப்சைசின் என்ற காரப்பொருளைத்தான் ஆராய்ச்சிக்கூடங்களிலும் சிறிது சிறிதாக முகரவைத்து, ஒருவருடைய இருமல் நரம்பு எவ்வளவு கூர்மையானது என்று அளக்கிறார்கள். மற்றவர்களுக்கு ஒரு கை மிளகாய் வேண்டியிருக்கும் இடத்தில் உங்கள் தொண்டைக்கு இப்போது ஒரு விதை போதும்.

மன அழுத்தம் வந்து சேரும் இடம் இதுதான். பதற்றத்தில் கழுத்துத் தசையும் தாடையும் இறுகுகின்றன, மூச்சு வாய்வழியாக மேலோட்டமாக ஓடித் தொண்டையைக் காயவைக்கிறது, "இப்போது வந்துவிடுமோ" என்று கவனம் முழுதும் தொண்டையிலேயே நிற்கிறது. கவனம் நின்ற இடத்தில் நமைச்சல் பெரிதாகும். கொசு கடித்த இடத்தை நினைக்க நினைக்க அரிப்பதைப் போலத்தான். இருமிய உடன் குரல்வளை இன்னும் புண்படுகிறது, அதனால் அடுத்த இருமலுக்கு இன்னும் சிறிய தூண்டுதல் போதுமானதாகிறது. தொடங்கி வைத்தது காய்ச்சலாகவோ மாத்திரையாகவோ இருக்கலாம். அடங்க விடாமல் வைத்திருப்பது இந்தச் சுழல்.

நீங்களும் உங்களைச் சுற்றி உள்ளவர்களும் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தவறான கணக்கைத் திருத்த வேண்டும். தூக்கத்தில் இருமல் இல்லை, பல்லாங்குழி ஆடும்போது இல்லை, ஆகவே மனசுதான் என்கிறார்கள். தூக்கத்தில் இருமல் நரம்பே மந்தமாகிவிடும். நுரையீரல் நோய் உள்ள பலருக்கும் இரவில் இருமல் குறைகிறது. விளையாட்டில் கவனம் திரும்பினால் எந்த இருமலும் தணியும். 2015-இல் அமெரிக்க மார்பு மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல், இரவில் இருமுகிறாரா இல்லையா என்பதை வைத்து மனம் சார்ந்த இருமல் என்று முடிவு செய்யக் கூடாது என்றது. 'மனத்தால் வரும் இருமல்' என்ற பழைய பெயரையே கைவிடும்படியும் கூறியது. பரிசோதனைகள் சரியாக இருப்பது மட்டும் அந்த முடிவுக்குப் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் இரண்டு பரிசோதனைகள் இன்னும் செய்யப்படவில்லை. ஒன்று ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதி மூச்சின் வேகத்தை அளப்பது. மருந்தை இழுக்கவைத்து அதற்குப் பிறகும் ஒருமுறை ஊதச் சொல்வார்கள். இழுப்போ மூச்சுத் திணறலோ இல்லாமல், இருமல் மட்டுமே அடையாளமாக வரும் ஆஸ்துமா ஒரு வகை உண்டு. அதை எக்ஸ்ரே காட்டாது. ஊதும் பரிசோதனையிலும் பிடிபடாவிட்டால், சில வாரம் இன்ஹேலர் கொடுத்துப் பார்த்துத்தான் சில சமயம் அதை உறுதி செய்கிறோம். மற்றொன்று, காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய குழாய்க் கருவியால் மூக்கையும் குரல்வளையையும் நேரில் பார்ப்பது. மூக்கிலிருந்து பின்புறமாகத் தொண்டைக்கு வடியும் நீர், வயிற்று அமிலம் மேலேறிய அடையாளம் ஆகியவை அதில் தெரியும். இரவு பத்தரைக்குச் சாப்பிட்டு உடனே படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். மூன்றாவது எக்ஸ்ரேயும் ஐந்தாவது ஆன்டிபயாடிக்கும் வேண்டியதில்லை.

டிபி பயம் நம் ஊரில் நியாயமான பயம்தான்; இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்பது அரசின் விதி, அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். நீங்கள் அதை முறையாகச் செய்துவிட்டீர்கள். சளியிலும் கிருமி இல்லை, சிடி ஸ்கேனிலும் நுரையீரல் தெளிவாக இருக்கிறது என்றால், டிபியோ நுரையீரல் புற்றுநோயோ ஒளிந்துகொள்ள இடம் மிகக் குறைவு. சளியில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, மாலைக் காய்ச்சல், இரவில் நனைக்கும் வியர்வை, மூச்சுத் திணறல், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல், விழுங்கச் சிரமம், தூக்கத்திலிருந்து எழுப்பும் இருமல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் இந்தக் கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

இருமலை ஒத்திப்போடும் பயிற்சி

இருமலை ஒரேயடியாக அடக்கச் சொல்லவில்லை. அடக்க முயன்று தோற்ற அனுபவம் உங்களுக்கே நிறைய இருக்கிறது. தவணை சொல்லி ஒத்திப்போடத்தான் சொல்கிறேன். நமைச்சல் எழுந்த அந்தக் கணத்தில் வாய் திறந்து காற்றை இழுக்காதீர்கள், அந்த இழுப்பே இருமலின் முதல் பாதி. வாயை மூடி, வெதுவெதுப்பான நீர் ஒரு மிடறு விழுங்குங்கள். நீர் இல்லையென்றால் எச்சிலையே அழுத்தி விழுங்குங்கள். பிறகு மூக்கால் மெதுவாக, சிறிய மூச்சு. உதட்டைக் குவித்துச் சூடான காபியை ஊதுவதுபோல் அதைவிட இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுங்கள். தோள் இறங்கியிருக்கட்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் தாடை தளர்ந்திருக்கட்டும். முதல் வாரம் பத்து விநாடி தள்ளிப்போட முடிந்தால் போதும். அதற்குப் பிறகு இருமல் வந்தால் வரட்டும். அடுத்த வாரம் இருபது, அதற்கடுத்து அரை நிமிடம். ஒவ்வொரு ஒத்திப்போடலிலும் நரம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது.

பலர் தவறுவது ஓர் இடத்தில்தான்: இருமல் வரும்போது மட்டும் இதைச் செய்து பார்த்து, பலனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வீடு தீப்பற்றிய பிறகு கிணறு வெட்டுவது போன்றது அது. இருமல் இல்லாத நேரத்தில், தினம் நான்கு வேளை, ஐந்து ஐந்து நிமிடம் பழகி வைத்தால்தான் வேண்டிய நேரத்தில் உடம்பு தானாக அதைச் செய்யும். அடிக்கடி செருமுவதையும் நிறுத்துங்கள். செருமல் என்பது குட்டி இருமல், புண் ஆற விடாது. வாயில் ஒரு துண்டு பனங்கற்கண்டு இருந்தால் எச்சில் ஊறித் தொண்டை ஈரமாக இருக்கும்.

இதை முறையாகக் கற்றுத் தருபவர்கள் பேச்சுப் பயிற்சியாளர்கள். திக்குவாய்க்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் மட்டுமே அவர்கள் என்று நினைக்கிறோம். மருந்துக்கு அடங்காத நாள்பட்ட இருமல் உள்ள 87 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 88 சதவீதத்தினருக்கும், பொதுவான உடல்நல ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 14 சதவீதத்தினருக்கும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. சிவகங்கை, மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். பெரும்பாலும் நான்கைந்து முறை போய்வந்தால் போதும்.

சிரப், அதிமதுரம், மனநல மருத்துவர்

இரவில் தூக்கம் தரும் சிரப்பை நிறுத்துவது நல்லது. உங்களுக்குத் தூக்கத்தில் இருமலே இல்லை. ஆக நீங்கள் குடிப்பது இருமல் மருந்தாக அல்ல, தூக்க மருந்தாக. கோடீன் கலந்த சிரப் என்றால் பழக்கமாகிவிடும், மலச்சிக்கலும் சேரும். மாதக்கணக்கில் குடித்திருந்தால் திடீரென்று விடாமல் மருத்துவர் சொல்லும் அளவில் குறையுங்கள். டெக்ஸ்ட்ரோமெதார்பன் உள்ள சிரப்பைச் சில மனச்சோர்வு மருந்துகளோடு சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து. எந்த மருத்துவரைப் பார்த்தாலும் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அந்தப் பையில் நாட்டு மருந்தும் இருக்க வேண்டும். பெரிய ஆச்சி சொன்னார்கள் என்று ஆறு மாதமாக அதிமதுரக் குச்சியைத் தினமும் சுவைக்கிறீர்கள். அதிமதுரம் தொண்டைக்கு இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை ஒரு பக்கம் இறக்குவதை இது மறுபக்கம் ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஆச்சியிடம் சொல்லிவிட்டு இதை நிறுத்துங்கள்.

மனநல மருத்துவரிடம் போவது பற்றி: இருமலுக்காகப் போகச் சொல்லவில்லை. ஆறு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு, சாப்பாட்டில் விருப்பமின்மை, மகளிடம் காரணமில்லாத எரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகப் போங்கள். இருமல் நின்றாலும் அவை தாமாக நிற்கும் என்று சொல்ல முடியாது. ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது சட்டம் மட்டும்தான்: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்கள் ரகசியமாக இருப்பதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது, அந்தச் சட்டம் விதித்துள்ள சில விலக்குகள் தவிர, உறவினர் கேட்டார் என்பதற்காக மருத்துவர் சொல்லிவிட முடியாது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

கடைசிப் பக்கத்தில் எழுதி அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறீர்கள், இருமும்போது சிறுநீர் கசிவதால் கோயில் விசேஷங்களுக்குக்கூடப் போவதில்லை என்று. இது மிகப் பல பெண்களுக்கு உண்டு. யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். சிறுநீரைப் பாதியில் நிறுத்த எந்தத் தசையை இறுக்குவோமோ, அதே தசையைச் சிறுநீர் கழிக்காத நேரத்தில் ஐந்து விநாடி இறுக்கி ஐந்து விநாடி தளர்த்துங்கள்; ஒரு வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்தும் குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளியும் கூட்டமும்

வேலையை விட வேண்டாம். வேலையை விட்டால் வகுப்பில் வரும் இருமல் போகும்; வீட்டுக் கவலையோடு நாள் முழுதும் தனியாக இருக்கும் பொழுது கூடும். கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சிறிய ஒலிபெருக்கி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் குரலை உயர்த்த வேண்டியிருக்காது. பாடத்துக்கு நடுவே பிள்ளைகளை வாசிக்கவிட்டு நீங்கள் ஒரு மிடறு நீர் குடிக்கலாம். ஓய்வு தேவை என்று மருத்துவர் நினைத்தால் மருத்துவ விடுப்பு எடுங்கள். ராஜினாமாக் கடிதம் எழுதும் நிலை இதில் எங்கும் இல்லை.

உங்களைப் பற்றி வளவில் சொல்லப்பட்ட சொல்லுக்கு வருகிறேன். விலா வலிக்க, கண்ணில் நீர் வழிய, புடவை நனைந்துவிடுமோ என்ற பயத்தோடு யாரும் ஏழு மாதம் நடிக்க மாட்டார்கள். அதே சமயம், இருமல் வந்தபோது கூட்டம் கலைந்தது, உங்களுக்கு ஒரு மூச்சு விட நேரம் கிடைத்தது என்பதும் உண்மைதான். நீங்கள் திட்டமிடவில்லை, உடம்பு அதைக் குறித்துக்கொண்டது. வாயால் "இன்று முடிவு சொல்ல என்னால் இயலாது" என்று சொல்ல முடிந்தால், தொண்டை அதைச் சொல்ல வேண்டிய தேவை குறையும். வீட்டில் யாருக்கு என்ன பங்கு, யார் கையெழுத்து செல்லும் என்பது என் துறை இல்லை, ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். கணவர் சார்பில் நீங்கள் கையெழுத்திட முறையான அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள். இல்லையென்றால், இந்த நெருக்கடியில் பாதி உங்கள் மேல் விழவே வேண்டியதில்லை.

அடுத்த கூட்டம் பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வரும்போது என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வாரத்துக்கு மேல் இருக்கிறது. மாத்திரையை மாற்றிப் பார்க்கவும், ஊதும் பரிசோதனைக்கும், பயிற்சி கைவரவும் அது போதும். கணவரை வீடியோ அழைப்பில் உட்காரவையுங்கள். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள், இருமல் வந்தால் மகளோ நாத்தனாரோ வாசிக்கட்டும். வளவின் வானம் பார்த்த பக்கமாக, சமையல் நெடி வராத தூணடியில் இடம் பிடித்துக்கொண்டு, ஃபிளாஸ்கில் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் பெயரை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எனக்கு எழுதிப் போடுங்கள்.